தாஸ் எழுதிய கென்ற்

போன கிழமை லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கருவாடு வாங்கப் போனேன். கடைக்குப் பக்கத்துப் பயண முகவர் நிலையத்தின் கண்ணாடியில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். செங்கல்லில் கட்டிய உருண்டைக் கட்டடம், கூம்புக் கூரை, உச்சியில் ஒரு வெள்ளைத் தொப்பி. இங்கிலாந்தின் கென்ற் பகுதிக்குச் சுற்றுலாவாம். "இதென்ன, கோயிலோ?" என்று பக்கத்தில் நின்ற மனுசி புருசனைக் கேட்டாள். கோயில் இல்லை, பியருக்குப் போடுகிற ஹொப்ஸ் பூவைக் காயவைக்கும் வீடு. எனக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டால் தாஸைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். உங்களுக்குச் சொல்லலாம்.

தாஸ் மன்னாரில் மேசன் வேலை செய்தவன். சுவரைத் தட்டிப் பார்க்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையமாட்டான். பிரெஞ்சு நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் இருவரும் இங்கே, லிஃப்ட் இல்லாத ஏழாம் மாடியில், ஒரே அறையில் இருந்தோம். ஒரே ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினோம். களவாக லண்டன் போவதுதான் திட்டம். போகவேண்டிய நாளில் எனக்குக் கடும் காய்ச்சல்.

"நீ படு மச்சான். நான் போய்ச் சேந்து உன்னைக் கூப்பிடுறன். அதுவரைக்கும் இஞ்சை அகதிக் கேஸ் போட்டிடாதை. கைரேகை குடுத்தியெண்டா அங்கையிருந்து திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது, ராணியின் தலை போட்ட முத்திரையோடு. கென்ற்றில் ஒரு கடையில் வேலையாம், லீவு நாளில் பழைய கட்டடங்கள் பார்க்கிறானாம். மேசன்தானே, பார்ப்பான் என்று நினைத்தேன். நோர்மன்காரர் கட்டினால் வளைவு அரைவட்டம், பின்னால் வந்தவர்கள் அதைக் கூராக்கினார்கள், கன்ரபரிப் பேராலயத்தில் இரண்டும் உண்டு என்று எழுதினான். ரோச்செஸ்ரர் கோட்டையில் மூன்று மூலை சதுரம், முற்றுகையில் இடிந்த நாலாவதை மட்டும் வட்டமாகக் கட்டினார்களாம். ரியூடர் காலத்து வீடுகளின் மேல்மாடி வயிறு தள்ளிக்கொண்டு தெருவுக்கு மேலே நிற்குமாம். நான் அதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு திரிந்தேன். சென்-தெனிப் பேராலய வாசலில் ஒரு பிரெஞ்சுக்காரருக்குக் கூர்வளைவைக் கைகாட்டி விளக்கினேன். பாவம், அவர் கேட்டது நேரம் என்ன என்று.

ஒவ்வொரு கடிதமும் ஒரேமாதிரித்தான் முடியும். "கேஸ் போட்டிடாதை. கொஞ்சம் பொறு மச்சான், ஒழுங்குபண்ணுறன்."

மூன்று வருடம் பொறுத்தேன். விசா இல்லாதவன் ஊரில் பேசிவைத்த பெண்ணை எங்கே கூப்பிடுவது? அவளுடைய வீட்டார் இரண்டு வருடம் பார்த்துவிட்டுக் கனடா மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு கடிதமும் நின்றது. அவனுக்கு என்ன ஆபத்தோ என்று, நம்புங்கள், நான் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினேன். நானோ சைவ சமயத்தவன்.

கடைசியில் இங்கேயே கேஸ் போட்டு, விசா கிடைத்து, வருடங்கள் போய், பிரெஞ்சுப் பாஸ்போட் வந்தது. முதல் பயணம் கென்ற்றுக்கு. கடிதக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். வளைவுகள், கோட்டையின் வட்ட மூலை, எல்லாம் அவன் எழுதியபடியே. கடைசியாக ஒரு ஹொப்ஸ் வீட்டின் முன் நின்றேன். வெள்ளைத் தொப்பி எப்பவும் இடப்பக்கம் பார்த்தபடி நிற்கும் என்று எழுதியிருந்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கவே காற்று மாறியது, தொப்பி முனகிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பியது. படத்தில் பார்த்தவனுக்குத்தான் அது திரும்பாது. ஒரு மேசன் மூன்று வருடக் கடிதங்களில் ஒரு சுவரையேனும் தொட்டதாக எழுதவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

உறையிலிருந்த விலாசத்துக்குப் போனேன். கதவைத் திறந்தவள் தாஸின் பெரியம்மா மகள்.

"தாஸோ? அவன் இஞ்சை வந்ததே இல்லை அண்ணை. கலே துறைமுகத்திலை பிடிச்சுத் திருப்பிவிட்டவங்கள். கடிதத்தை எனக்கு அனுப்புவான், நான் முத்திரை ஒட்டிப் போடுவன். இவ்வளவு காலத்திலை உங்களுக்குச் சொல்லியிருப்பான் எண்டெல்லோ நினைச்சன்."

அவள் தந்த விலாசத்தின்படி அவன் இருந்தது லெ பிளாங்-மெனில் என்ற புறநகரில். என் அறையிலிருந்து ஒரு மணித்தியாலம்கூட இல்லை. லா சப்பல் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் இருந்திருக்கிறான். அடுத்த ஞாயிறு அவன் வீட்டு மணியை அடித்தேன். என்னைக் கண்டதும் கதவைப் பிடித்தபடியே நின்றான்.

"தோத்துப்போய் வந்திட்டன் எண்டு உன்னட்டைச் சொல்ல வெக்கமாயிருந்தது மச்சான். ஒரு கடிதம் எழுதினன். பிறகு நிப்பாட்ட முடியேல்லை."

"நீ எப்ப கேஸ் போட்டனி?"

"வந்த கிழமையே."

"அப்ப என்னைப் போடாதையெண்டு ஏன்ரா எழுதினனி?"

நிலத்தைப் பார்த்தான். "நீயும் போட்டா, அந்தக் கந்தோர் வரிசையிலை என்னைக் கண்டிடுவியெண்டு பயம்."

அடிக்கத்தான் போயிருந்தேன். கை எழும்பவில்லை. நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டான். "மச்சான், அங்கை போனனியோ? நூலகத்துப் புத்தகத்தைப் பாத்துத்தான் எழுதினனான். அதுகள் நான் எழுதின மாதிரியே இருந்ததோ?"

"ஓம்" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் கதைத்ததில்லை.

அந்த ஏழாம் மாடி அறைகளை உடைத்து ஒரே வீடாக்கி யாரோ வாங்கிவிட்டார்கள். கீழே வரிசையாக இருந்த தகரக் கடிதப்பெட்டிகளும் இல்லை. அது போகட்டும். கோப்பை கழுவிய அந்தக் காலத்தில் சந்தோசமான நாள் எது என்று கேட்டால், கடிதம் வந்த நாட்களைத்தான் முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். ஊறிப்போன விரல்களைச் சட்டையில் துடைத்து, உறையை மெல்லக் கிழித்து, மேலே ஏறவும் பொறுக்காமல் படிக்கட்டிலேயே இருந்து வாசிப்பேன். அந்த நாட்களையும் கொண்டுபோய்விட்டான். இப்போது நினைத்தால், படிக்கட்டில் இருந்து தனியே சிரிக்கும் ஒரு முட்டாளைத்தான் காண்கிறேன்.