ஆசிட் மாத்திரை

குகட்பள்ளிக்குக் குடிவந்த புதிதில், எங்கள் அடுக்ககத்தில் கணிப்பொறியால் பிழைக்காத ஒரே ஜீவன் நான்தான். வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, சனத்நகரைத் தாண்டி ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். "ஓ, கெமிக்கலா?" என்று கேட்டுவிட்டு, யாரோ செத்துப்போனதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள். என் கணவரோ சாஃப்ட்வேர்க்காரர். ஆகவே அவருக்குத் தெரியாத துறையே கிடையாது.

மேம்பாலத்துக்காகத் தோண்டிப்போட்ட சாலையின் தூசியில் அவருக்கு ஓயாத தும்மல். மருத்துவர் ஒவ்வாமைக்கு மாத்திரை எழுதித் தந்தார். இரண்டே நாளில் தும்மல் அடங்கியது. மூன்றாம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்தவர், நேரே போய் மாத்திரை அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"அட்டையில ஹைட்ரோகுளோரைடுன்னு போட்டிருக்குது, பாத்தியா? பாத்ரூம் கழுவற ஆசிட்! அமெரிக்காவுல இருந்து ஃப்ரெண்டு மெயில் அனுப்பியிருக்கான்."

அந்த நண்பரும் சாஃப்ட்வேர்தான். கடல்தாண்டி வந்த செய்தி பொய்யாகுமா? அதே ஹைட்ரோகுளோரைடுகளைப் பகலெல்லாம் சோதித்துவிட்டு வந்து, இப்போது தோசை வார்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரில் நல்லெண்ணெய் விட்டுக் காட்டினேன்.

"மிதக்குதுங்களா? நெறைய மருந்து மொதல்ல இப்படித்தாங்க இருக்கும். தண்ணியில கரையாது, வெச்சிருந்தாக் கெட்டும் போயிரும். அதோட ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைச் சேர்த்தா ரெண்டும் கூடி உப்பாயிரும். அப்புறம் அது ஆசிட் இல்லீங்க. நல்லாக் கரையும், மாத்திரையாப் புடிக்கலாம், ரொம்ப நாள் கெடாது."

முதன்முதலில் அதைக் கண்ணால் பார்த்த நாளை அவருக்குச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக் குச்சியில் பிசுபிசுவென்று ஒட்டிய மஞ்சள் எண்ணெய், தண்ணீர் கலக்காத கரைசலில் அமிலம் சேர்ந்ததும் வெள்ளைப் படிகங்களாக இறங்கியது. நான் மூச்சுவிட மறந்து நின்றேன். ஆனால் அவர் அதற்குள் அடுத்த கவலைக்குப் போய்விட்டிருந்தார்.

"உப்பா? எனக்கு பி.பி. இருக்குதே!"

"இது சாப்பாட்டு உப்பு இல்லீங்க. அதுவும் மில்லிகிராம் கணக்கு. உங்க வயித்துல சுரக்கறதே அந்த ஆசிட்தானுங்க."

"என் வயித்துல எல்லாம் ஆசிட் இல்ல," என்றார், மனைவி ஏதோ கெட்ட பழக்கத்தைச் சுமத்திவிட்டதுபோல.

பிறகு நான்கு நாள் தும்மினார். கடைசியில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும்போது ஒரு வாக்கியத்துக்கு ஐந்து தும்மல் போட, மேலாளர் கடுப்பாகி நல்ல மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். குளிரூட்டிய பெரிய மருத்துவமனையில் வேறு மாத்திரை கொடுத்தார்கள். "இது நல்ல மருந்து," என்று மறுநாளே சான்றளித்தார். அட்டையின் பின்புறத்தைப் படித்தேன். அதுவும் ஹைட்ரோகுளோரைடுதான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவருடைய சக ஊழியர் வீட்டில் விருந்து. ஒருவர் அதே ஆசிட் பயத்தைக் கிளப்பினார். என் கணவர் தட்டைக் கீழே வைத்தார்.

"அது ஆசிட் இல்லீங்க, உப்பு! எண்ணெய் மாதிரி இருக்கற மருந்து தண்ணியில கரையோணுமில்ல?"

நான் சொன்னது முழுவதும், தம்ளர் உட்பட, வரிசை மாறாமல் வந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"எப்படி சார் இதெல்லாம் தெரியும்?" என்றார் ஒருவர்.

"கொஞ்சம் படிச்சேன்," என்றார். பிறகு பெருந்தன்மையாக என் பக்கம் கை காட்டினார். "இவங்களும் அந்த லைன்லதான் இருக்காங்க."

"ஆமாங்க, இவர் சொல்றது ரொம்பச் சரி," என்றேன். அறிவியலுக்காகத்தான்.