மண்ணில் நடாத கோழிக்கூண்டு

துருவும் புளித்த சாராயமும் கலந்த ஒரு வாடை உண்டு. பிரெஞ்சுக்காரர்களுக்காகக் கப்பலில் வந்து இறங்கிய சாராயப் பீப்பாய்களைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டைகளின் வாடை அது. கையில் ஏறிவிட்டால் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. அந்தப் பட்டைகளை வைத்துத்தான் என் அம்மா ஒரு கோழிக்கூண்டு கட்டினாள். இன்றைக்கும் பழைய இரும்புக் கடை வழியாகப் போக நேர்ந்தால் அந்த வாடை மூக்கில் ஏறுகிறது, கூடவே கோபமும் ஏறுகிறது. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை, தணிய வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், நெல்லும் கரும்புமாக விளைந்த ஒரு பண்ணையின் ஓரத்தில் எங்கள் குடிசை இருந்தது. அப்பா பண்ணையின் மாட்டுவண்டி ஓட்டினார், அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். குடிசை நாங்கள் போட்டது, அது நின்ற மண் பண்ணையுடையது. அந்த மண்ணில் எதை நட்டாலும் அது பண்ணையைச் சேரும் என்பது அங்கே வழக்கம். குடிசையின் நடுக்கால்கூட அந்தக் கணக்கில் அவர்களுடையதுதான். வெளியேறச் சொன்னால் கூரைக் கீற்றை மட்டும் சுருட்டிக்கொண்டு போகலாம். ஒரு சமயம் அம்மா வாசலோரத்தில் முருங்கைக் கொம்பு ஒன்றை ஊன்றி, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியே மரமாக்கினாள். காய்த்ததும் பண்ணையின் காரியக்காரர் துரட்டியோடு வந்து நின்றார். “நட்டது பண்ணைக்கு, தெரியாதா?” என்று கேட்டுவிட்டுக் கடைசிக் காய் வரைக்கும் பறித்துக்கொண்டு போனார். தண்ணீர் ஊற்றியது யார் என்பது அந்த வழக்கத்தில் ஒரு கேள்வியே இல்லை.

பண்ணையம்மா எங்களுக்கு ஒரு பெட்டைக்கோழியை “வாரத்துக்கு” விட்டிருந்தாள். வாரம் என்றால், கோழி அவர்களுடையது, வளர்ப்பு எங்களுடையது, பொரிக்கும் குஞ்சுகள் வளர்ந்தபின் ஆளுக்குப் பாதி. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் பருந்து தூக்கியதும் கீரி கடித்ததும் எப்போதும் எங்கள் பாதியிலிருந்துதான் கழியும். “செத்தது ஒம் பங்கு, உசிரோட கீறது எங்க பங்கு” என்று காரியக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். இப்படி வருடக்கணக்கில் வளர்த்தும் எங்களுக்கென்று ஒரு கோழி தங்கியதில்லை. அம்மாவுக்கு இருந்த ஆசை பெரியதல்ல. ஒரே ஒரு பெட்டை சொந்தமாக வேண்டும். அது இடும் முட்டைக்கும் பொரிக்கும் குஞ்சுக்கும் யாரும் பங்கு கேட்டு வரக்கூடாது. “ஒண்ணு தங்கினா போதும்டி. அப்பறம் அவங்க கோழிய அவங்க வூட்லயே கொண்டுபோயி வுட்டுடுவேன்” என்பாள்.

அந்த முறை கோழி அடையில் உட்கார்ந்ததும் அவள் கூண்டு கட்ட முடிவு செய்தாள். பண்ணை வேலையாகப் புதுச்சேரிக்கு வண்டி ஓட்டிப் போன அப்பா, ஒரு கடையின் பின்புறம் குப்பையோடு கிடந்த பீப்பாய்ப் பட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தார். இணைப்பில் இருந்த ஆணியை உளியால் உடைத்ததும் ஒவ்வொரு வளையமும் வாயைத் திறந்துகொண்டது. அவற்றைக் கூண்டு வண்டியின் கூரைபோல வளைத்து வரிசையாக நிறுத்துவதுதான் அம்மாவின் யோசனை. வேறு யாராக இருந்தாலும் பட்டைகளின் முனைகளை மண்ணில் ஊன்றியிருப்பார்கள். முருங்கையைப் பறிகொடுத்தவள் அதைச் செய்வாளா? இரண்டு சவுக்குக் கழிகளைத் தரையில் படுக்கப் போட்டு, பட்டைகளின் முனைகளை அவற்றோடு கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். உச்சியில் ஒரு மூங்கில் ஓடியது. பனித்திட்டு மீனவக் குப்பத்திலிருந்து கருவாடு விற்க வரும் அக்கா கொடுத்த கிழிந்த வலையை மேலே இழுத்துக் கட்டி, ஒரு பாதிக்குக் கரும்புச் சோகை வேய்ந்தோம். தேய்ந்த முறம் கதவாயிற்று. அடிப்பக்கம் திறந்தே இருந்ததால், பகலில் நானும் அம்மாவும் இரு பக்கமும் பிடித்து லேசாகத் தூக்கிப் புல்லுள்ள இடமாகப் பார்த்து நகர்த்துவோம். பொழுது சாய்ந்தால் கீரி மண்ணைத் தோண்டி நுழையாமல் இருக்க ஓரமெல்லாம் செங்கல் துண்டும் கருவேல முள்ளும் வைப்போம்.

கட்டி முடித்த அன்று அம்மா என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னாள்.

“எங்கனாச்சும் மண்ணுல எறங்கியிருக்காடி?”

“இல்லம்மா.”

“அப்ப இது நம்பளுது.”

அந்த முறை ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. பருந்து வட்டமிட்டுப் பார்த்து ஓய்ந்துபோயிற்று. குஞ்சுகளில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று நன்றாகத் தேறி வந்தது. அம்மா தன் பழைய புடவையின் கிழிசலை அதன் காலில் கட்டி, எங்கள் பங்கு என்று அடையாளம் வைத்தாள். அது முட்டையிட ஆரம்பித்தால் முதல் முட்டை எனக்கு என்று பேச்சு.

ஐப்பசி பிறந்தது. ஒரு சாயங்காலம், அம்மா பண்ணைக் களத்தில் நெல்லை மூடிக்கொண்டிருந்த நேரத்தில், கடல் பக்கமிருந்து வந்த காற்று எங்கள் கூண்டை ஒரு புறமாகத் தூக்கிவிட்டது. அதற்கு எடை ஏது? அப்பா பதறிப்போய், மாடு கட்டும் முளைகளை எடுத்துவந்து நான்கு மூலையிலும் மண்ணில் அடித்து, கூண்டைக் கயிற்றால் பிணைத்தார். கோழிகள் பிழைத்தன. நனைந்துகொண்டே வந்த அம்மா முளைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாய்யா பண்ணி வச்சிருக்க?”

“காத்து அடங்கட்டும். புடுங்கிடறேன்.”

காற்று அடங்குவதற்குள் காரியக்காரர் பங்கு பிரிக்க வந்துவிட்டார். ஒன்றும் சாகவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். உள்ளபடியே பாதியைக் கொடுக்க வேண்டுமே! கூண்டைச் சுற்றிவந்தவர் மூலையில் நின்றார், முகம் மலர்ந்துவிட்டது.

“மொள அடிச்சிருக்கே?”

“காத்துக்கு அடிச்சதுங்க” என்றார் அப்பா.

“எதுக்கு அடிச்சா இன்னா? மண்ணுல எறங்கிடுச்சுல்ல. கூண்டு பண்ணைக்கு. உள்ள கீறதும் பண்ணைக்கு.”

அம்மா போய் ஒரு முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, சேறு சொட்டச் சொட்ட அவர் முன்னால் நீட்டினாள்.

“இந்தாங்க. மண்ணுல எறங்கினது இதான். இத எடுத்துக்கினு போங்க. எம் பங்குக் கோழிய வுட்டுடுங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “டேய், நீ ஒரு பக்கம் புடி” என்றார்.

அப்பா பிடித்தார். பிடிக்காவிட்டால் வண்டி வேலை போகும், குடிசையும் போகும். மறு பக்கத்தை இன்னொரு பண்ணையாள் பிடித்தார். நடாமல் கட்டிய கூண்டு என்பதால் தூக்கிப்போக அவர்களுக்கும் சுலபமாக இருந்தது. பழகிய கோழிகள், வழக்கம்போலக் கூண்டுக்குள்ளேயே நடந்து போயின. காலில் புடவைக் கிழிசலோடு சாம்பல் பெட்டையும் போயிற்று.

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் பிரெஞ்சில் மூன்று சொற்கள் எழுதியிருக்கும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று வாத்தியார் எங்களைக் கூட்டாகச் சொல்ல வைப்பார். மறுநாள் நான் வாயைத் திறக்கவில்லை, அடி வாங்கினேன். ஊரிலோ, “மொள அடிச்சது ஒம் புருசன் தப்புதான?” என்று அம்மாவிடமே கேட்டார்கள். தப்பாம்! காற்றிலிருந்து கோழிகளைக் காப்பாற்றியவர் செய்தது தப்பு. வளரும்வரை காத்திருந்து வாரிக்கொண்டு போனவர்கள் செய்தது வழக்கம். கொஞ்ச நாளில், அதேபோல இன்னொரு கூண்டு கட்டித்தரச் சொல்லிப் பண்ணையம்மா ஆள் அனுப்பினாள். அம்மா போய்க் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து, அன்று சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாள்.

பிரெஞ்சுக்காரன் போனான், பீப்பாய்களும் போயின. பண்ணை வீடு இடிந்து, நிலமெல்லாம் மனைமனையாக விற்றுப்போயிற்று. கோழியை வாரத்துக்கு விடுவது என்றால் என்னவென்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. போகட்டும், அவற்றுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.

நான் படித்து, டீச்சர் வேலை பார்த்து, புதுச்சேரி மூலக்குளத்தில் மனை வாங்கி வீடு கட்டியபோது அப்பா இல்லை. அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். பின்பக்கம் கோழிக்கூண்டு போடுவதற்காக இரும்புக் கம்பிகளை வளைத்து வாங்கிவந்து, கடப்பாரையை எடுத்தேன். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“நடாதடி. சும்மா மேல வச்சுக்க.”

“இது நம்ப மண்ணும்மா. பட்டா எம் பேர்ல கீது.”

“இருக்கட்டும். யாராச்சும் வந்து கேட்டா இன்னா பண்ணுவ?”

நான் கேட்கவில்லை. அவளுக்குக் காட்டுவதற்காகவே முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, ஒவ்வொரு கம்பியாக நட்டுக் கல் போட்டு இறுக்கினேன். சாயங்காலம் அவள் மெல்ல எழுந்துபோய் வளையங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. சிரிப்பாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ தெருவாசல் பக்கம் திரும்பி, யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். கூண்டையும் கோழியையும் கொண்டுபோனதை ஒருவேளை நான் மறந்திருப்பேன். அவளை இப்படிப் பார்க்க வைத்ததை மன்னிக்க மாட்டேன்.