புருஷன் செத்தால்தான் அரிசி

பிள்ளையார்பாளையத்தில் லோகாம்பாளுக்கு வாய்க்காரி என்று பெயர். அந்தப் பெயர் வந்தது 1932இல். அதற்கு முந்திய பதினாறு வருஷம் அவள் குரல் வாசலைத் தாண்டியதில்லை. ஜவுளி முதலாளி ராமலிங்க முதலியாருக்கு வீட்டிலிருந்தபடியே ராட்டினத்தில் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் குமாரவேல் ரங்கூனுக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது, அவ்வளவுதான். படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியார் கங்கையம்மாளுக்குக் கஞ்சி ஊற்றியது அந்த நூல் கூலிதான்.

அந்த வருஷம் பட்டுப் புடவை வாங்க ஆளில்லை. ஆவணியில் முதலியார் தறிகளை நிறுத்தினார். லோகாம்பாளுக்கு நூல் வருவதும் நின்றது. ஐப்பசிக்குள் காதுத் தோடு போயிற்று, பித்தளைப் பாத்திரமெல்லாம் போயிற்று.

ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி நிவாரணக் கமிட்டி ஒன்று வைத்தார்கள். வருமானமில்லாத வீட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மூன்று படி அரிசி, எட்டணா காசு. கமிட்டித் தலைவர் ராமலிங்க முதலியாரேதான்.

சத்திரத்தில் குமாஸ்தா மாணிக்கவாசகம் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"புருஷன் இருக்கானாம்மா?"

"ரங்கூன்ல இருக்காருங்க. காயிதம் வந்து மூணு வருசம் ஆவுது."

"அப்போ உனக்கு ஆதரவு இருக்குதே. ஆதரவு இல்லாதவங்களுக்குத்தான் அரிசி."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தாலியக் கழட்டி வெச்சிட்டு அடுத்த வெள்ளிக்கெழம வா. விதவைன்னு எழுதிக்கிறேன். எத்தினி பேரு அப்பிடி வாங்கிக்கினு போறாங்க தெரியுமா?"

அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மாமியார் காதில் போட்டதும், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத அந்தக் கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "எம்புள்ளயச் சாவடிச்சிட்டு வர்ற அரிசி எனக்கு வாணாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை லோகாம்பாள் தாலியோடுதான் போனாள். வரிசையில் பக்கத்து வீட்டுக் கமலாட்சி வெறுங்கழுத்தோடு தலை குனிந்து நின்றாள். அவள் புருஷன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செத்தவன் தெருவில் நடமாட முடியாதல்லவா?

அன்றைக்கு முதலியாரும் வந்திருந்தார். லோகாம்பாள் வரிசையை விட்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, பதினாறு வருசம் உங்க வீட்டுக்குத்தான் நூல் சுத்தினேன். எனக்கு வருமானம் இல்லன்னு வேற யாரு வந்து சாட்சி சொல்லணும்? நிறுத்தினவரு நீங்கதானே?"

முதலியாருக்கு முகம் சிவந்தது. "அது வியாபாரம். இது தர்மம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

"தர்மத்துக்கு எதுக்குங்க பொணம்? உசுரோட இருக்கிற புருஷன பொம்பளைங்க சாவடிச்சிட்டு வந்தாத்தான் மூணு படி அளப்பீங்களா?"

"இவள வெளியே அனுப்புய்யா!"

வெளியே போனவள் சத்திரத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கமலாட்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் பதினோரு பெண்கள் வந்தார்கள். தாண்டிப் போக வழியில்லை. மறுநாள் தாசில்தார் பார்வையிட வருவதாக இருந்ததால் கமிட்டிக்குப் பயம் வந்தது. பொழுது சாய்வதற்குள் விதி மாறியது: புருஷனிடமிருந்து ஒரு வருஷமாகத் தகவல் இல்லையென்றாலும், அவன் வீட்டில் வேலையில்லாமல் இருந்தாலும் அரிசி உண்டு.

கமலாட்சி தாலியைக் கட்டிக்கொண்டு போய் அரிசி வாங்கினாள். பதினோரு பேரும் வாங்கினார்கள். லோகாம்பாள் பெயரை மட்டும் எழுதவில்லை. "மரியாதை தெரியாதவள்" என்று முதலியார் சேர்க்க விடவில்லையாம்.

அவள் ஓரிக்கைப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போய்க் கல் உடைத்தாள். பட்டு இழையைப் பிடித்த விரல்கள் ஒரு மாதத்தில் வெடித்துப் போயின. கமலாட்சி தன் அரிசியில் ஒரு படி கொண்டுவந்து வைப்பாள். லோகாம்பாள் மறுக்காமல் வாங்கி உலையில் போடுவாள். ஆனாலும் மார்கழி பிறந்த நாலாம் நாள் கங்கையம்மாள் போய்விட்டாள்.

ஈமச் செலவுக்கென்று மாணிக்கவாசகம் ஐந்து ரூபாய் கொண்டுவந்தார். அதற்குக் கமிட்டியில் தனி நிதி இருந்ததாம்.

லோகாம்பாள் அழுது வீங்கிய முகத்தோடு எழுந்து வந்தாள். "உசுரோட கெடந்தப்போ மூணு படி இல்ல, செத்ததும் அஞ்சு ரூபாயா? எட்த்துக்கினு போங்க. எங்க தெரு தூக்கும்."

தெருதான் தூக்கியது.