பாரத்துக்கா, ஓட்டத்துக்கா?

என் மாமாவின் படகு மெதுவானது. அம்மாவின் தம்பியான அவர் மட்டக்களப்பு வாவியில் மீன் பிடித்துப் பிழைத்தவர். அவருடைய சின்னப் பைபர் படகின் பின்னால் ஒரு மோட்டார் தொங்கும். அதில் ஏறினால் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"நாம போய்ச் சேரக்குள்ள கறி ஊசிப்போயிடும் மச்சான்."

"அப்ப இறங்கி நீந்தி வாங்க அத்தான்."

அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. அவர் வாவியின் மேற்குப் பக்கத்துப் படுவான்கரையில் வயல் செய்கிறவர்.

கேலி பண்ணி அலுத்துப்போனாரோ என்னவோ, ஒருநாள் அப்பாவே என்னையும் கூட்டிக்கொண்டு வாழைச்சேனைக்குப் போய் மாமாவுக்குப் புது புறொப்பலர் வாங்கினார். மோட்டாரின் அடியில், தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுகிற மூன்று இதழ்ச் சக்கரம் அது. கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றின் இதழ்கள் கொஞ்சம் கூடுதலாகச் சரிந்திருந்தன. மற்றபடி எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"பாரம் ஏத்திறதுக்கா, ஓட்டத்துக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஓட்டத்துக்குத்தான்," என்றார் அப்பா.

உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், அப்பா வாங்கியது பெரிய அகப்பை, மற்றது சின்ன அகப்பை. சரிவு கூடினது ஒவ்வொரு சுற்றிலும் நிறையத் தண்ணீரைத் தள்ளும். படகு இலேசாக இருந்தால் பறக்கும். பாரம் ஏறிவிட்டால் மோட்டாருக்கு அதைச் சுழற்றப் பலம் போதாது. பெரிய அகப்பையால் கூழ் கிண்டப்போன சின்னப் பிள்ளையின் கைபோல இழுபடும். இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அப்போது மாமா தனியே படகில் பறந்ததையும், கரையில் நின்ற அப்பா போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அதைக் காட்டியதையும் மட்டும்தான் கண்டேன்.

அந்த மாரியில் வெள்ளம் ஏறியது. வாவி நிரம்பினால், அது கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் கடலுக்குப் பாய்ந்து ஊர் தப்பும். ஆனால் வெட்டிய பிறகு அந்தப் பக்கம் படகு விடக்கூடாது, இழுவை கடலுக்குக் கொண்டுபோய்விடும். எங்கள் வீட்டு வளவுக்குள் தண்ணீர் வந்ததும் அக்கரைக்குக் கூட்டிப்போக மாமா வந்தார். அடுத்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கூட ஏறினார்கள். அரிசி மூட்டைகளும் அம்மாவின் தையல் மெஷினும் ஏறின. புறொப்பலரைக் கழற்றிப் பழையதை மாட்ட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. முகத்துவாரம் வெட்டியாகிவிட்டது என்பது நடு வாவியில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மோட்டார் அடித்தொண்டையால் முனகிப் புகை கக்கியது. எதிர்க்கரையில் ஒரு நீலக்கூரை வீடு. அதைப் பார்த்துத்தான் போனோம், ஆனால் அது பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருந்தது. கடல் இரைவது கேட்டது.

"கூட்டிப் பிடி மச்சான்!"

"முழுக்கப் பிடிச்சிருக்கன் அத்தான். இதால இழுக்க ஏலாம கிடக்கு!"

அடுத்த வீட்டுக்காரி கத்திக் குழறத் தொடங்கினாள். "சும்மா இரி கா, புள்ளைகள் பயப்பிடுதுகள்," என்று அம்மா அதட்டினாள்.

வாவிக்குள் மீன் அடைப்பதற்கு நட்ட பழைய கம்புகள் தெரிந்தன. மாமா படகை அவற்றில் கொண்டுபோய் மோதினார். அப்பா ஒரு கம்பைக் கட்டிப்பிடித்துப் படகை நிறுத்தினார். அரிசி மூட்டைகள் தண்ணீருக்குள் போயின. தையல் மெஷினை அம்மாவே தள்ளிவிட்டாள்.

"இன்னும் பாரம் அத்தான்," என்றார் மாமா, ஒருவர் முகத்தையும் பாராமல்.

அப்பா ஒரு தடவை மோட்டாரைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கி, கம்புகளுக்குக் குறுக்கே கட்டியிருந்த தடியில் இறங்கினார். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்தது.

"போ மச்சான்."

"அத்தான், நீங்க..."

"போடா எண்டுறன்!"

நான் அலறினேன். அம்மா என் முகத்தை மடியில் அமுக்கிக்கொண்டாள். மோட்டாரின் சத்தம் மாறியது, படகின் முன்பக்கம் எழும்பியது. நான் திமிறிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அந்தக் கம்புகளில் எது அப்பாவின் தலை என்று தெரியவில்லை.

எங்களைக் கரையில் இறக்கிவிட்டு மாமா தனியே திரும்பினார். அந்தப் படகு அவ்வளவு வேகமாகப் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மழை அடித்தது. அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

படகு வந்தபோது அப்பா அதன் உள்ளே அடித்தட்டில் கிடந்தார். கம்பில் ஒட்டியிருந்த சிப்பிகள் நெஞ்சைக் கிழித்திருந்தன. கட்டிப்பிடித்த கைகளை அவரால் விரிக்க முடியவில்லை. அம்மா அவர் முதுகில் இரண்டு அடி போட்டுவிட்டு அழுதாள்.

"ஏன் அப்பா இறங்கினீங்க?" என்று கேட்டேன். மாமா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குந்தி இருந்து கால் விறைச்சுப் போச்சுது மனே. கொஞ்சம் நீட்டுவம் எண்டு இறங்கினன்."

நான் அதை நம்பினேன். பள்ளிக்கூடத்தில் நம்பாத கூட்டாளிகளோடு சண்டையும் பிடித்தேன். அதன்பிறகு படகில் ஏறும்போதெல்லாம், அப்பாவின் கால் விறைத்துவிடக்கூடாதே என்ற பயத்தில், அவர் நன்றாக நீட்டிக்கொள்ள இடம் விட்டு ஒதுங்கி உட்காருவேன்.