மாயம்மாள் சொன்ன மாசக்கணக்கு

மட்டாஞ்சேரி பஜாரில் போய் மாவுக்காரம்மா எப்படி என்று கேட்டுப் பாருங்கள். சாயாக்கடைச் சேட்டன் முதல் அரிசி மண்டி ஆள்கள் வரை ஒன்றுபோலத்தான் சொல்வார்கள். மாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட ஊற்றமாட்டாள், சோடா உப்புப் போடமாட்டாள், விடிந்ததும் தருகிறேன் என்றால் மழை கொட்டினாலும் தருவாள், வாக்குச் சுத்தம். இதைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. மாவில் அவள் சுத்தம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

நான் வசந்தி. மாயம்மாள் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் கிரைண்டரைப் போட்டால் இந்தப் பக்கம் என் தையல் மிஷின் அதிரும். அவள் வீட்டில் குழம்பு தீய்ந்தால் எனக்குத்தான் முதலில் தெரியும். இத்தனை வருஷம் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அந்த ஒரு விஷயம் என் காதுக்கு வரவே இல்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவளும் அவள் வீட்டுக்காரர் பிச்சைமணியும் போடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோது முத்தரசி கைக்குழந்தை. பிச்சைமணி அண்ணனுக்கு மிளகு கோடவுனில் சுமை தூக்கும் வேலை. ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் மாயம்மாள் ஒரே பதிலைச் சொல்வாள். பிள்ளை ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்டது, கேரளாவில் வைத்தியம் நன்றாக இருக்கும் என்று வந்தோம். கேட்டவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டுவார்கள். நானும் கொட்டியிருக்கிறேன்.

அந்தக் குறைமாசம் அந்த வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி கூடவே வளர்ந்தது. முத்தரசி மழையில் நனையக் கூடாது, குறைமாசத்துப் பிள்ளை. சைக்கிள் வேண்டாம், குறைமாசத்துப் பிள்ளை. கணக்கில் மார்க் குறைந்தால் திட்டக் கூடாது, அவளுக்கு மூளை அவ்வளவுதான், பாவம். அந்தப் பெண்ணும் அதை அப்படியே நம்பினாள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டு எர்ணாகுளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்து வைக்கப் போனாள். பில் போடுகிற இடத்தில் உட்கார் என்று மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டார். "நான் பாதி புளிச்ச மாவு சார், எனக்கு அதெல்லாம் பொங்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தாள். அதை என்னிடம் சொன்னபோதும் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், கூறுகெட்டவள்.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள் நேராக என் மிஷினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சித்தி, குறைமாசத்துல பொறந்தவங்களோட மூளையைப் படம் எடுக்கிறாங்களாம். பெரியவங்களா ஆனப்புறமும் அதோட பாதிப்பு ஏதாச்சும் மிச்சமிருக்கான்னு பார்க்கிற ஆராய்ச்சி. ஆளு வேணும்னு வாட்ஸாப்புல வந்திருக்கு. நான் பேரு கொடுத்துட்டேன்."

"எதுக்குடி உனக்கு இந்த வம்பு?"

"எது குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா நல்லதுதானே சித்தி. அதை விட்டுட்டு மத்ததைச் செய்யலாம்லே. இப்ப எல்லாத்துக்குமே பேடியா, பயமா இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது. மறுநாள் காலையில் சாயாக்கடைச் சேட்டன் வந்து, மாவில் உப்பே இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனார். மாயம்மாள் உப்பை மறந்து நான் பார்த்ததே இல்லை.

மகளைத் தடுக்க அவள் படாத பாடு பட்டாள். ஸ்கேன் மிஷினுக்குள் போனால் கரண்டு அடிக்கும் என்றாள். "அது வெறும் காந்தம்தாம்மா, ஊசிகூடக் கிடையாது" என்றாள் மகள். கல்யாணம் ஆகவேண்டிய பெண் மூளைப் படம் எடுத்தது வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்றாள். "ஆகாதவன் போகட்டும்" என்றாள் மகள். பிச்சைமணி அண்ணன் வாயே திறக்கவில்லை. அந்த மனிதர் வாய் திறக்காதது புதிதில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறந்தபோது இருந்த விவரம் கேட்க அம்மாவும் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். எனக்குப் படபடவென்று வருகிறது, நீயும் வா வசந்தி என்று மாயம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் படகேறிப் போனோம்.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் ஆகாதாம். முத்தரசி தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். மாயம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். மகள் ஆஸ்பத்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எங்களைப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார்கள். வந்தது ரஃபீனா டாக்டர். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண், கொஞ்சம் மலையாள இழுவையோடு நல்ல தமிழ் பேசினாள்.

"பேடிக்க வேண்டாம் அம்மா. பிறந்த ஆஸ்பத்திரியில இருந்து கடலாசு, சீட்டு ஏதாவது உண்டோ?"

"அதை இடிச்சுக் கல்யாண மண்டபமாக்கிட்டாங்க" என்றாள் மாயம்மாள்.

"சாரமில்ல, பரவாயில்ல. அப்ப அம்மா சொல்றதுதான் எங்களுக்கு ஆதாரம். எத்தனாவது மாசம்?"

"ஏழு."

"எடை?"

"ஒன்றரைக் கிலோ இருக்கும்."

"கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்களா?"

"இல்ல... வீட்டுலயே பஞ்சுல சுத்தி வெச்சிருந்தோம்."

"பால் எப்படிக் கொடுத்தீங்க? மூக்கு வழியா ட்யூப் போட்டா, இல்ல பாலாடையிலயா?"

மாயம்மாளுக்கு அங்கேதான் ரோஷம் வந்துவிட்டது. "ட்யூபா? எம்மக பொறந்த கையோட வாய் வெச்சவ, விடவே இல்லயே. அந்த உறிஞ்சு உறிஞ்சுவா. நர்ஸம்மாவே சிரிச்சுட்டா. எனக்குப் புண்ணாவே போச்சு."

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். ஏழு மாசத்தில் பிறக்கிற குழந்தைக்கு உறிஞ்சி விழுங்குகிற தெம்பு வந்திருக்காது என்று மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் மாயம்மாளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. கழுத்துவரை சிவந்துபோனாள். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மாவைக் குத்தம் சொல்லல" என்றாள் டாக்டர். "சீக்கிரம் பிறந்தவங்க மூளையில, ஒரு இடத்தை இன்னொரு இடத்தோட இணைக்கிற நரம்புப் பாதை வேற மாதிரி வளர்ந்திருக்கான்னு பார்க்கிறோம். அந்தக் கூட்டத்துல நிறைமாசத்துப் பிள்ளை ஒண்ணு தெரியாம வந்து சேர்ந்தா, நிஜமாவே அவதிப்பட்டுப் பிறந்தவங்களுக்கு நாங்க தப்பான பதில் சொல்ல வேண்டி வரும்."

பிறகு மாயம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"பேசி முடிச்ச மாப்பிள்ளைதான் டாக்டரம்மா. என் அத்தை மகன். பெரிய மாமா செத்துட்டாருன்னு வருஷம் திரும்பட்டும்னு கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுட்டாங்க. தையில கல்யாணம். ஆவணியில இவ பொறந்துட்டா."

நான் என்னை அறியாமல் விரலை மடக்கிவிட்டேன். அதை அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவள் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அப்படி விரல் மடக்கிய ஊருக்குப் பயந்துதானே அவள் ஓடி வந்திருக்கிறாள்.

"குறைமாசம்னு சொன்னேன். நம்புனாங்க. ஆனா இவ மூணே கால் கிலோ, கொழுகொழுன்னு இருந்தா. துணியைப் போர்த்தி எத்தனை நாள் ஒளிச்சு வைக்கிறது? அதான் இங்க வந்துட்டோம். இங்கயும் ஊர்க்காரங்க இருந்தாங்க. சொன்னதையே சொல்ல வேண்டியதாப் போச்சு."

"அடிப் பாவி மக்கா" என்று என் வாயில் வந்துவிட்டது. எனக்கு அவள் முன்னாலேயே உண்டானதில் கோபமில்லை, கட்டிக்கொள்ளப் போகிறவன்தானே. அந்தப் பெண் உள்ளே தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தன் மூளையில் எங்கே ஓட்டை என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறாளே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர் நல்லவள். "மகள்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க நிபந்தனைக்குச் சேரலைன்னு மட்டும் சொல்றேன். மத்தது அம்மா இஷ்டம்" என்றாள். மாயம்மாள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அவள் கும்பிட்டதைப் பார்க்க எனக்குக் கூசியது.

திரும்பி வரும்போது படகில் முத்தரசி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். தோடும் மூக்குத்தியும் இன்னும் அம்மா முந்தானையில்தான் இருந்தன. திரும்பப் போட்டுக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"என்னை வேண்டாம்னுட்டாங்க சித்தி. குறையுள்ள மூளை வேணும்னு கூப்பிட்டவங்களுக்கே என் மூளை சரிப்படல பாருங்க." சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

நான் மாயம்மாளைப் பார்த்தேன். அவள் காயல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நீ சொல்றியாக்கா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

அவள்தான் சொன்னாள். டாக்டரிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, மகள் முகத்தைப் பார்க்காமல், மட்டாஞ்சேரி ஜெட்டி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். நான் முத்தரசி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றுகூட நினைத்தேன். இறங்கி நடந்தோம். பஜார் முனை வரை முத்தரசி முன்னால் போனாள். அங்கே நின்றாள்.

"நான் கல்யாணத்துக்கு முன்னாடியே வயித்துல இருந்ததுல எனக்கு என்னம்மா வந்துச்சு? இப்ப இங்க யாரு அதைக் கேட்கப் போறா?"

"மானம்டி" என்றாள் மாயம்மாள்.

"எட்டாங்கிளாஸ்ல நான் கணக்குல ஃபெயிலானப்ப, நல்லாப் பழக்கினா இவ பாஸாவான்னு டீச்சர் சொன்னாங்களே. நீ என்ன சொன்ன?"

மாயம்மாள் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"'பாவம் டீச்சர், குறைமாசத்துப் பிள்ளை, அவளால முடியாது'ன்னு சொன்ன. நான் பக்கத்துலதான் நின்னேன். நான் படிக்காமத்தான் ஃபெயிலானேன்மா. அது எனக்கே மறந்துபோச்சு."

சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். மாயம்மாள் அரிசி மூட்டை அடுக்கியிருந்த மண்டி வாசலில் நின்றபடியே நின்றாள். "மாவம்மா, நாளைக்கு ரெண்டு பாக்கெட் கூட வேணும்" என்று யாரோ போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இவ்வளவு நாளும் எதை நினைத்து வெட்கப்பட்டாளோ அது ஒன்றுமே இல்லை என்பதும், வெட்கப்பட வேண்டியது வேறு என்பதும் அவளுக்கு அந்த இடத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "எம்பேரைக் காப்பாத்திக்கிட, எம்பிள்ளையைக் குறைச்சுப்புட்டேன் வசந்தி." எனக்கு அவளைத் தேற்ற வார்த்தை வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு வாரம் அந்த வீட்டில் கிரைண்டர் சத்தம் மட்டும்தான். அப்புறம் முத்தரசியே ரஃபீனா டாக்டருக்குப் போன் செய்தாள். ஒப்பிட்டுப் பார்க்க நிறைமாசத்தில் பிறந்தவர்களும் வேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்ததை அவள் படித்திருக்கிறாள். வரலாம் என்றார்கள், அம்மாவும் வர வேண்டும் என்றார்கள். மறுபடி மூன்று பேரும் படகேறினோம். மாயம்மாள் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை மகளும் அறைக்குள்ளேயே உட்கார்ந்தாள். டாக்டர் முதலிலிருந்து எல்லாம் புதிதாகக் கேட்பது போலவே கேட்டாள்.

"எத்தனாவது மாசம்?"

மாயம்மாள் உதடு அசைந்தது. எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா" என்றாள் முத்தரசி. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

"நிறைமாசம்" என்றாள் மாயம்மாள். "மூணே கால் கிலோ. எம்மகளுக்கு ஒரு குறையும் இல்ல." சொல்லி முடிப்பதற்குள் தலை மார்பைத் தொட்டுவிட்டது.

முத்தரசி அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று தோட்டைக் கழற்றினாள், மூக்குத்தியைக் கழற்றினாள். மாயம்மாள் முந்தானையை விரித்து நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் அதைத் தாண்டி வந்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிய பிறகும் மாயம்மாள் முந்தானையை மடக்கவில்லை.