அமிர்தக்கா அவசரமாக எழுதிய பிராது

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகிற வழியில் அமிர்தக்கா தேங்காய்க் கடை வைத்திருந்தாள். அவளிடம் பலரும் தேங்காய்க்காக வரவில்லை, பிராது எழுத வந்தார்கள். அந்தக் கோயிலில் சாமியிடம் பிராது கொடுப்பது வழக்கம். இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார் என்று காகிதத்தில் எழுதி, பூசை செய்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிடுவார்கள். காரியம் முடிந்ததும் வந்து, பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அமிர்தக்கா கேட்டவுடன் எழுதமாட்டாள். ஊரில் அவளுக்கு இருந்த நல்ல பெயருக்கு அதுதான் காரணம்.

நான் வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எழுபத்து மூன்றாம் வருஷம் திரும்பி வந்திருந்தேன். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் தினமும் நடந்து போய் அவள் கடையில் உட்கார்ந்துகொள்வேன். அப்படித்தான் ஸ்ரீமுஷ்ணத்து ஆராயியைப் பார்த்தேன். புருஷன் வேறொருத்தியை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். ஆராயி தலைவிரி கோலமாக பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள்.

"அவ கண்ணு ரெண்டும் அவியணும்னு எழுதுக்கா!"

"அவிஞ்சா?"

"என்னக்கா?"

"அவ கண்ணு அவிஞ்சுபோச்சுன்னே வெச்சுக்கோ. ஒனக்குச் சோறு யாரு போடுவாங்க? அந்தக் குருடிக்கும் சேத்து நீதான்டி பொங்கிப் போடணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆராயி காறித் துப்பிவிட்டுப் போனாள். மறுபடி வந்தாள், மறுபடி திட்டினாள். அமிர்தக்கா ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். அதற்கடுத்த முறை வந்தபோது ஆராயி சத்தம் போடவில்லை. "எந் தையல் மிஷினும் எம் புள்ளையும் வேணும்க்கா. அந்த ஆளு எனக்கு வேணாம்" என்றாள்.

அமிர்தக்கா அப்போதுதான் பேனாவை எடுத்தாள். பிராது எழுதியதோடு விடவில்லை. வேப்பூரில் இருக்கிற தாய்மாமனை முதலில் பார்க்கச் சொன்னாள். புருஷன் சந்தைக்குப் போகிற நாளில் மாமனோடு வண்டி கட்டிப் போய் மிஷினை ஏற்றச் சொன்னாள். அங்கே அந்தப் பொம்பளை வாயைத் திறந்தாலும் நீ திறக்காதே என்றாள். ஆராயி அப்படியே செய்தாள். இப்போது வேப்பூரில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடைக்குப் பக்கத்தில் தைக்கிறாள்.

"மொதல்ல வரவங்களுக்கு அடுத்தவன் என்ன ஆவணும்னுதான் தெரியும். தனக்கு என்ன வேணும்னு தெரியாது. அப்ப வழி சொன்னா அந்த வழியிலயே போயி வுழுந்துடுவாங்க" என்பாள் அமிர்தக்கா.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் கதை அப்படி.

அவள் புருஷன் பழமலையும் அவன் அண்ணன் கோவிந்தசாமியும் சேர்ந்து விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடிப் பட்டறை போட்டவர்கள். களிமண் மிதித்ததில் பாதி அமிர்தக்காவின் கால்கள். அறுபத்து நான்காம் வருஷம் பழமலை காய்ச்சலில் செத்தான். காரியம் முடிந்த மறுநாள் அவள் பட்டறைக்குப் போனபோது கோவிந்தசாமி வேலையாட்கள் எதிரிலேயே அவளை வழிமறித்தார்.

"தாலியறுத்தவ தொட்டா சூளை வெளங்காது. வூட்டுல போயி மூலையில ஒக்காரு."

வீடும் அவர் பெயரில்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அந்த மூலையும் இல்லை என்றாகிவிட்டது. அவள் கோயில் பக்கம் வந்து தேங்காய் விற்க ஆரம்பித்தாள்.

"ஒனக்கு நீயே ஒரு பிராது கட்டிக்க வேண்டியதுதானேக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "கட்டினா சாமி குடுக்கும். அந்த ஆளுக்கு நான் குடுக்கணும்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் கோவிந்தசாமி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. ஒன்பது வருஷத்தில் அவர் அந்தக் கடைக்கு வந்தது அன்றுதான் முதல்முறை. மருமகன் விருத்தகிரிமேல் கோபம். பட்டறையில் மண் கலப்பதும் மெருகு போடுவதும் சூளை பார்ப்பதும் விருத்தகிரிதான். மாமனார் இனிமேல் விலை பேச வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன் என்று வியாபாரிகள் முன்னால் சொல்லிவிட்டானாம்.

"பழச மனசுல வெச்சுக்காத அமிர்தம். ஊரெல்லாம் ஒன்னத்தான் சொல்லுது. அந்தப் பய நாசமாப் போவணும். எழுது."

நான் அமிர்தக்காவைப் பார்த்தேன். 'போனா?' என்று கேட்பாள், அவரைத் திருப்பி அனுப்புவாள் என்று காத்திருந்தேன். அவர் வாய் நாசம் என்றாலும் கண் கலங்கியிருந்தது. நாலு பேர் முன்னால் அந்தப் பையன் தன்னை மதித்தால் போதும் என்பது என் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு வாரம் விட்டுக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

அவள் கேட்கவில்லை. காகிதத்தை எடுத்தாள்.

"சொல்லுங்க மாமா. எழுதறேன்."

விருத்தகிரி பெயர், அவன் அப்பா பெயர், ஊர், செய்த குற்றம் எல்லாம் அழகாக எழுதினாள். பிறகு வழியும் சொன்னாள். இன்றைக்கே கட்டிவிடுங்கள். நாளைக் காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் பட்டறையைப் பூட்டுங்கள். பங்காளிகளைக் கூட்டி வைத்து, அவன் வந்ததும் வெளியே போகச் சொல்லுங்கள். பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள், தானாக வந்து காலில் விழுவான்.

"இதான் சரி. இது தெரியாமத்தான் இத்தன நாளா ராவெல்லாம் தூங்காம கெடந்தேன்" என்று கோவிந்தசாமி குடையை விரித்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்.

அமிர்தக்கா அன்றைக்கு அதற்கப்புறம் யாருக்கும் எழுதவில்லை. கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு எனக்குக் கறிக்குழம்பு வைத்துப் போட்டாள்.

சொன்னதை வரி பிசகாமல் செய்தார் கோவிந்தசாமி. விருத்தகிரி வாசலில் நின்று பூட்டைப் பார்த்தான், பங்காளிகளைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். ஆட்கள் அவன் பின்னால் போனார்கள். பெண்ணை அழைக்கப் போன இடத்தில் மகள் கமலம் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். பிராது விஷயம் அதற்குள் தெருவெல்லாம் தெரிந்திருந்தது.

"எந் தாலிக்கு எதிரா சாமிகிட்ட பிராது கட்டின ஆளு எனக்கு அப்பனா? வாசப்படி ஏறாதீங்க."

மருமகன்மேல் கட்டுகிற பிராது மகளின் தாலிமேல் கட்டுவது. அதனால்தான் சம்பந்திச் சண்டை என்று யார் வந்தாலும் அமிர்தக்கா பேனாவைத் தொடவே மாட்டாள். பிள்ளையைப் பெற்ற எவருக்கும் தோன்றியிருக்க வேண்டியது கோபத்தில் கோவிந்தசாமிக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

தை பிறப்பதற்குள் விருத்தகிரி ரயிலடிப் பக்கம் தனியாகப் பட்டறை போட்டுவிட்டான். கோவிந்தசாமி வேறு ஆளை வைத்துச் சூளை போட்டார். பாதி ஜாடி விரிசல் விட்டுப்போயிற்று. மறுபடி போடவில்லை. கமலத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாத்தாவுக்கு ஆள் அனுப்பவில்லை.

மாசியில் அவர் மறுபடி வந்தார். குடை இல்லை. பிராதைத் திரும்ப வாங்கிவிட்டு, கோயிலிலிருந்து நேராகக் கடைக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"பட்டற போனா போவுது அமிர்தம். அவனே வெல பேசட்டும், எல்லாம் அவனே வெச்சுக்கட்டும். எம் பொண்ணு வரணும். அந்தப் புள்ளைய ஒரு தடவ தூக்கணும். அவ்வளவுதான். என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்."

ஆராயி தையல் மிஷின் கேட்ட அன்று பேசிய அதே குரல். வழி சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று எனக்கே தெரிந்தது. அமிர்தக்கா அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"ஒங்களுக்கு இன்னும் கோவம் அடங்கல மாமா. இப்ப வழி சொன்னா தப்பாப் போயிடும். அடுத்த மாசம் வாங்க."

"எனக்குக் கோவமே இல்லம்மா!"

"பாத்தீங்களா, கத்துறீங்க. போயிட்டு வாங்க."

அவர் வேலிப் பக்கமாக நிழல் பார்த்து நடந்து போனார். அவர் மறைந்ததும் நான் கேட்டேன்.

"என்ன வழிக்கா அது?"

"பெரிய வழியா? காலைல ஆளுங்க எல்லாம் இருக்கறப்ப, பங்காளி ஒருத்தனும் இல்லாம, தனியாப் போயி விருத்தகிரி பட்டறை வாசல்ல நிக்கணும். மண்ணு மிதிக்க வந்திருக்கேன், வேல குடுன்னு கேக்கணும். அந்தப் பையன் நல்லவன். மிதிக்க வுடமாட்டான். மத்தியானம் பொண்ணு சோறு போடுவா."

"சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்."

பங்குனியில் வந்தார். சித்திரையில் வெயிலில் வந்தார். இரண்டு முறையும் அதே பலகையில் உட்கார்ந்தார், அதையே கேட்டார். அவள் ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து, அடுத்த மாசம் வாங்க மாமா என்றே அனுப்பினாள். நான் அந்த வைகாசியில் மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பினேன். அதுவரை அமிர்தக்கா அந்த வழியை அவருக்குச் சொல்லவில்லை. ரயிலடிக்குப் போகிற வழியில் விருத்தகிரி பட்டறை வாசலில் கமலம் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மாசாமாசம் கடைக்கு நடையாக நடப்பதை நானும் அவளிடம் சொல்லவில்லை.