நம்பிக்கையான கடை எதுன்னு கேட்டேனே

நேத்து இங்க ஒரு கேள்வி போட்டேன். "கார் இடது பக்கம் இழுக்குது. கண்டிப் பக்கம் வீல் அலைன்மென்ட்டுக்கு நம்பிக்கையான கடை எது?"

எங்க ரோட்டு முனையில பக்கத்து வீட்டு செல்வம் அண்ணனும் வீல் அலைன்மென்ட் கடைதான் வச்சிருக்கார். தெரிஞ்ச ஆளுன்னா வேலை சரியில்லாட்டியும் வாய் திறந்து சொல்ல முடியாதே. அதான் வெளிய தேடினேன்.

அவரும் என் ஃபேஸ்புக்ல இருக்கிறதை மறந்துட்டேன்.

முதல் பதிலே அவரோடதுதான். "கெலிஓயாவுல நம்ம முஸ்லிம் நானா ஒருத்தர் கடை வச்சிருக்கார் தம்பி. நம்பிப் போங்க."

இன்னைக்குப் போனேன். என் பேரைச் சொன்னதும் நானா சிரிச்சார்.

"செல்வம் காலையிலயே போன்ல கோல் எடுத்தாரு. 'நம்ம வீட்டுத் தம்பி வருவாரு, நல்லா பாத்துச் செஞ்சு குடுங்க'ன்னு சொன்னாரு."

கார் இப்ப நேரா ஓடுது.

திரும்பி வரும்போது அண்ணன் கடை வாசல்ல நின்னு கை காட்டினார். நான் சைட் கண்ணாடியைப் பாக்கிற மாதிரி வந்துட்டேன்.

சரி, இன்னைக்கு வேற கேள்வி. அவர் கடையைத் தாண்டாம எங்க வீட்டுக்கு வர யாருக்காவது பாதை தெரியுமா?

அண்ணே, இதுக்கும் நீங்களே முதல்ல பதில் போட்டுடாதீங்க.